ஆளியும் கூட்டாளியும்: கலத்தின் வன்கூட்டை வளைப்பது யார்?

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், இப்படிக் கேட்டிருக்கிறார்: "றோ, ராக், சிடிசி42 மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிச் சின்னப் புரதங்கள். மூன்றும் ஜீரீபி (GTP) என்ற சின்ன மூலக்கூறைப் பிடித்திருந்தால் இயங்கும், ஜீடீபியைப் (GDP) பிடித்திருந்தால் ஓய்ந்துவிடும். பிறகு எப்படி ஒன்று கலத்துக்குள் கயிறு கட்டி இழுக்கிறது, ஒன்று ஓரத்தை விசிறிபோல விரிக்கிறது, ஒன்று விரல் நீட்டுகிறது? விரிவுரையில் 'துணைப் புரதங்களுடன் இடைத்தாக்கம் புரிந்து' என்று ஒரு வரியோடு அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விட்டார்கள். கலம் நகரும்போது ராக் முன்னுக்கு, றோ பின்னுக்கு என்று எழுதினால் சரிதானே?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு நேரடிப் பதில், அந்த ஒற்றை வரிதான். உருவம் ஆளியில் எழுதப்பட்டிருக்கவில்லை. வீட்டுச் சுவரில் வரிசையாக மூன்று ஆளிகள் இருக்கின்றன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் தட்டினால் மின்விசிறி சுற்றும், ஒன்றைத் தட்டினால் விளக்கு எரியும். ஆளியைக் கழற்றி எவ்வளவு ஆராய்ந்தாலும் விசிறி ஏன் சுற்றுகிறது என்று தெரியாது. வயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வயர் என்பது கூட்டாளிப் புரதங்கள்.

முதலில் 'வன்கூடு' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகியுங்கள். எலும்பை நினைக்க வைத்து நம்மைக் குழப்பும் சொல் அது. கலத்துக்கு உருவம் கொடுக்கும் குழியவன்கூட்டின் மூன்று வகை இழைகளில் இந்தக் கதைக்கு முக்கியமானது அக்டின். ஒரு இழையின் தடிப்பு ஏறக்குறைய 7 நனோமீற்றர். தலைமயிரைவிடப் பத்தாயிரம் மடங்கு மெல்லியது. 42 கிலோடால்டன் அளவுள்ள அக்டின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகின்றன. ஒரு முனையில் மணி ஏறிக்கொண்டே இருக்கும், மறுமுனையில் கழன்றுகொண்டே இருக்கும். எலும்பைவிடத் திருவிழாப் பந்தல்தான் சரியான ஒப்பு. கம்பு அதேதான், இன்றைக்கு இங்கே நிற்கும், நாளைக்குப் பிரித்து இன்னொரு மூலையில் நடுவார்கள். வித்தியாசம் என்னவென்றால் கலம் இதைச் சில விநாடிகளில் செய்துவிடும்.

இனி ஆளி. றோஏ 193 அமினோவமிலம், ராக்1 192, சிடிசி42 191. மனிதரில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 20 பேர் இருக்கிறார்கள். நாம் இந்த மூன்று பேரோடு நிற்போம். ராக்கும் சிடிசி42-உம் வரிசையில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒன்றே. ஜீரீபிக்கும் ஜீடீபிக்கும் ஒரேயொரு பொசுபேற்றுத்தான் வித்தியாசம். (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. நம்மூரில் ரீயும் டீயும் வேறுவேறாக எழுதுவதால் தப்பினோம்.) அந்த மூன்றாவது பொசுபேற்று இருந்தால் புரதத்தின் மேற்பரப்பில் இரண்டு சின்ன வளையங்கள் இறுகி ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வரும், போனால் தளர்ந்துவிடும். கூட்டாளிகள் வந்து தொடுவது முக்கியமாக அந்த வளையங்களைத்தான். ஆளி செய்யும் முழு வேலையும் அவ்வளவே.

இந்த ஆளியைப் போடுகிறவர்களும் அணைக்கிறவர்களும் வேறு. ஜீடீபியைக் கழற்றிவிடும் புரதங்கள் ஏறத்தாழ 80. கழன்றதும் உள்ளே ஏறுவது ஜீரீபிதான், ஏனென்றால் கலத்தில் அதுதான் பல மடங்கு அதிகம். ஜீரீபியை வெட்டச் செய்து அணைப்பவை 60-க்கு மேல். போதாததற்கு, ஆளியின் கொழுப்பு வாலைப் பொத்திப் பிடித்து மென்சவ்வில் ஒட்டவிடாமல் வைத்திருக்கும் காவல்காரர் மூன்று பேர். இருபது ஆளிக்கு இத்தனை பேர் ஏன் என்ற கேள்வி எழும். அதைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

ஊர்க்காரருக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: றோ முதன்முதலில் கிடைத்தது ஒரு கடல் உயிரியில். 1985-இல் மடோலும் ரிச்சர்ட் அக்செலும் கடல்முயல் எனப்படும், வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையின் நரம்புத் திரளில் வேறொன்றைத் தேடும்போது, ராஸ் என்ற புற்றுநோய் மரபணுவின் உறவுக்காரன்போல ஒன்று அகப்பட்டது. அதற்குத்தான் றோ என்று பெயர். (இதே அக்செல்தான் பிறகு மணம் அறியும் விதத்தைக் கண்டுபிடித்து 2004-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) அது என்ன செய்கிறது என்று தெரிய இன்னும் ஏழு வருடம் பிடித்தது. 1992-இல் ஆன் றிட்லியும் அலன் ஹோலும், சீரம் கொடுக்காமல் பட்டினி போட்ட எலி நார்க்கலங்களுக்குள் கண்ணாடி ஊசியால் இந்தப் புரதங்களைச் செலுத்திப் பார்த்தார்கள். பட்டினிக் கலத்தில் அக்டின் கட்டுகள் அநேகமாக மறைந்திருக்கும். றோவைச் செலுத்தியதும் கலத்தின் குறுக்கே தடித்த கட்டுகள் தோன்றின. ராக்கைச் செலுத்தியதும் ஓரம் சுருக்குப் பாவாடைபோல விரிந்து அலைந்தது. 1995-இல் நோப்ஸும் ஹோலும் சிடிசி42-க்கு விரல் நீட்சிகளைக் காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் நீங்கள் பார்க்கும் மூன்று படங்களின் பூர்வீகம் இதுதான்.

சரி, கூட்டாளி என்ன செய்கிறது? நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி அரைவட்டமாக வலையை வளைத்து, மறுகயிற்றோடு தள்ளி வந்து கரை சேரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். நடுவில் மடி மெல்ல மெல்லக் கரைக்கு வரும். கரையில் ஒருவர் நின்று கையசைப்பார். அவர் கயிற்றைத் தொடுவதே இல்லை. அந்த அசைவு கயிற்றுக்காரருக்கு 'இழு', தோணிக்காரருக்கு 'வளை', தண்ணீரில் மடியோடு நீந்துகிறவருக்கு 'அடியைத் தூக்கிப் பிடி'. கை ஒன்று, காரியம் மூன்று. றோ, ராக், சிடிசி42 எல்லாம் அந்தக் கைதான். ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. கரைவலை முதலே பின்னி வைத்தது. கலமோ கயிறே திரிக்காமல் கையசைப்பைக் கண்டபிறகுதான் திரிக்கத் தொடங்கும்.

ஒரு கூட்டாளியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். வாஸ்ப் என்ற புரதத்தின் வால் பகுதியில் இரண்டு கொக்கிகள் உண்டு. ஒன்று அக்டின் மணியைப் பிடிக்கும், மற்றது ஆர்ப்2/3 என்ற கூட்டுப் புரதத்தைப் பிடிக்கும். இரண்டையும் அருகருகே கொண்டுவந்தால் பழைய இழையின் விலாவிலிருந்து புதிய இழை ஒன்று கிளைக்கும், ஏறக்குறைய 70 பாகைக் கோணத்தில். ஆனால் சாதாரண நேரத்தில் வாஸ்ப் தன் வாலைத் தன் நடுப்பகுதியிலேயே செருகி மடங்கிக் கிடக்கும், பேனாக்கத்தியை மடித்து வைத்த மாதிரி. வால் செருகியிருக்கும் அந்த நடுப்பகுதியைத்தான் சிடிசி42-உம் பிடிக்க வரும். ஜீரீபி பிடித்த சிடிசி42 வந்து அந்த இடத்தைக் கேட்க, மென்சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பும் பக்கத்தில் நின்று உதவ, வால் கழன்று வெளியே வரும். கத்தி திறந்தாயிற்று, மிச்சத்தைக் கொக்கிகள் பார்த்துக்கொள்ளும். சிடிசி42 அக்டினைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாக் என்ற கைனேசும் (பொசுபேற்றை ஏற்றும் நொதியம்) இப்படித்தான் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கும். டயா என்ற ஃபோமினும் (அக்டின் இழையை நீட்டும் புரதம்) அப்படியே. இந்தக் குடும்பத்தின் கூட்டாளிகளில் பாதிக்கதை பூட்டைத் திறக்கும் கதை.

இங்கே கவனமான ஒருவர் மடக்குவார்: வாஸ்ப் செய்வது கிளைகள், விரல் நீட்சியிலோ இழைகள் கிளையில்லாமல் சமாந்தரக் கட்டாக ஓடுகின்றன, இது எப்படிப் பொருந்தும்? நியாயமான மடக்கு. வாஸ்பின் சகோதரப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிக் கலங்களும் விரல் நீட்டவே செய்தன. அதாவது விரலுக்கு அந்தக் கூட்டாளி கட்டாயமில்லை. சிடிசி42-க்கு வேறு ஆட்களும் இருக்கிறார்கள்: மென்சவ்வை வெளிப்பக்கம் பிதுங்க வளைக்கும் புரதம் ஒன்று, இழையின் நுனியிலேயே உட்கார்ந்து கிளையில்லாமல் நீட்டிக்கொண்டு போகும் ஃபோமின் இன்னொன்று. 'சிடிசி42, வாஸ்ப், விரல்' என்று ஒரே கோட்டில் அம்புக்குறி போட்டுப் படிப்பதை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

ராக்கின் விசிறிக்கு வருவது வேவ். வாஸ்பின் உறவுதான், ஆனால் தனியாக அலையாது. ஐந்து புரதம் சேர்ந்த கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். ராக் வேவை நேரடியாகத் தொடுவதில்லை; கூட்டிலுள்ள இன்னொரு உறுப்பினரைத் தொட, அந்த அதிர்வில் வேவின் வால் விடுபடுகிறது. 2010-இல் இதன் பளிங்கு அமைப்பு வெளியானபோது அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு அதே ஆர்ப்2/3, அதே கிளைகள். அடர்த்தியான கிளைப்பின்னல் மென்சவ்வைத் தள்ள, ஓரம் தட்டையாக விரிகிறது.

றோவின் பக்கம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அங்கே இரண்டு கூட்டாளிகள் சேர்ந்தால்தான் காரியம் ஆகும். டயா நேரான நீண்ட இழைகளைத் திரிக்கும். ரொக் என்ற கைனேஸ் இழுக்க வைக்கும்: மயோசின் என்ற இழுக்கும் புரதத்தின் இலேசான சங்கிலியில் பொசுபேற்றை ஏற்றும், அதைக் கழற்றும் நொதியத்தையும் முடக்கிவிடும். போதாதென்று லிம் கைனேசைத் தட்டிவிட்டு, இழையை வெட்டும் கொஃபிலினையும் ஓய்ந்திருக்கச் செய்யும். கயிறு திரிக்க ஒரு ஆள், இழுக்க ஒரு ஆள், கத்திக்காரனின் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். 1999-இல் ஒரு ஜப்பானியக் குழு ரொக்கை மட்டும் முடுக்கிப் பார்த்தபோது, கட்டுகள் கலத்தின் நடுவில் ஒடுங்கி நட்சத்திரம்போலச் சுருண்டன. டயாவை மட்டும் முடுக்கினால் மெல்லிய இழைகள் வந்தன, ஆனால் விறைப்பு இல்லை. இரண்டையும் அளவாகச் சேர்த்தபோதுதான் றோ தருகிற அசல் கட்டுகள் கிடைத்தன. குழம்புக்கு உப்பும் புளியும் மாதிரி. பெயர் தெரிந்தால் போதாது, விகிதம் வேண்டும்.

கூட்டாளிகள் ஆளியை எப்படி அடையாளம் காண்கின்றன என்றும் கேட்கலாம். வாஸ்பிலும் பாக்கிலும் பதினாறு அமினோவமிலம் அளவுள்ள ஒரு சின்னத் துண்டு உண்டு. ஜீரீபி பிடித்த சிடிசி42-ஐயோ ராக்கையோ மட்டும் கவ்வும், றோவைச் சீண்டாது. றோவுக்கு ரோட்டெக்கின் போன்ற வேறு கூட்டாளிகள். இந்தப் பிடிவாதத்தையே ஆய்வுகூடத்தில் தூண்டிலாக்கிவிட்டார்கள். கூட்டாளியின் அந்தத் துண்டைச் சின்ன மணிகளில் ஒட்டி, உடைத்த கலச்சாற்றில் போட்டு எடுத்தால், இயங்குநிலையில் இருந்த ஆளிகள் மட்டும் கொத்திக்கொண்டு வரும். ஓய்ந்தவை கழுவும்போது போய்விடும். பட்டமேற்படிப்புக் காலத்தில் நான் முதல் தடவை இதைச் செய்தபோது, சாற்றுக் குழாயைப் பனிக்கட்டியிலிருந்து வெளியே வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்குப் போனேன். ஊரிலிருந்து அம்மா. கதைத்துவிட்டு வந்து மணிகளைப் போட்டு, கழுவி, படத்தை எடுத்தால் பட்டை இருக்க வேண்டிய இடம் சுத்த வெள்ளை. அணைக்கும் புரதங்கள் கலம் உடைந்த பிறகும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நான் கதைத்த நேரத்தில் எல்லா ஜீரீபியையும் வெட்டி முடித்திருந்தன. தூண்டிலில் பிழையில்லை, மீன்தான் செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு குளிரறையிலேயே தொடங்கிக் குளிரறையிலேயே முடிப்பேன்.

இப்போது கையில் வைத்திருக்கச் சொன்ன கேள்விக்கு வருவோம்: இருபது ஆளிக்கு ஏன் நூற்றைம்பது பேருக்கு நெருங்கிய ஏவலாளர்? எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை முடிவு செய்ய. போடுகிற புரதங்கள் பல, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நங்கூரமிட்டிருக்கும்: ஒன்று ஒட்டுப்புள்ளியில், ஒன்று வன்கூட்டின் இன்னொரு வகை இழையான நுண்புன்குழாயின்மேல், ஒன்று கலங்கள் ஒன்றையொன்று தொடும் ஓரத்தில். சில அந்த இடத்துக்கான கூட்டாளியையும் கூடவே கட்டிக்கொண்டு வரும். ஆகவே ஒரே ராக் ஒட்டுப்புள்ளிக்கு அருகில் இயங்கினால் ஒரு கூட்டாளி கிடைக்கும், வேறிடத்தில் இயங்கினால் வேறொன்று. கையசைப்பவர் யாருடைய கண்ணில் படும் இடத்தில் நிற்கிறார் என்பதே பாதி விடயம்.

ஆளிக்கும் கூட்டாளிக்கும் நடுவிலுள்ள அந்தத் தொடுபுள்ளி எவ்வளவு முக்கியம் என்பது பக்றீரியாக்களுக்கு நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கடலோர ஊர்க்காரர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ். சரியாக வேகாத கடலுணவில் வந்து வயிற்றைப் பிடிக்கும். 1950-இல் ஜப்பானின் ஒசாக்காவில் குட்டிமீன் உணவால் 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் இது அகப்பட்டது. இது கலத்துக்குள் செலுத்தும் நொதியங்களில் ஒன்று, றோ, ராக், சிடிசி42 மூன்றிலும் கூட்டாளி வந்து தொடும் வளையத்திலுள்ள ஒரு திரியோனீன் அமினோவமிலத்தில் ஏஎம்பி என்ற கட்டியை ஒட்டிவிடுகிறது என்று 2009-இல் காட்டினார்கள். ஆளி ஜீரீபியைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம், பிரயோசனமில்லை. கூட்டாளியால் கிட்ட வர முடியாது. வயர் அறுந்த ஆளி. கலம் பந்துபோலச் சுருண்டு உருண்டுவிடும்.

சல்மொனெல்லா இன்னும் கெட்டிக்காரன். அது சொப்ஈ என்ற புரதத்தைக் குடற்கலத்துக்குள் செலுத்தி ராக்கையும் சிடிசி42-ஐயும் போட்டுவிடும். மென்சவ்வு அலையலையாக எழும்பி பக்றீரியாவை அப்படியே உள்ளே வாரிக்கொள்ளும். உள்ளே போனதும் எஸ்பிரிபி என்ற இரண்டாவது புரதம் அதே ஆளிகளை அணைத்துவிடும். கலம் எதுவும் நடக்காத மாதிரிப் பழைய உருவத்துக்குத் திரும்பும். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் செலுத்துகிறது. ஆனால் போடுகிற புரதத்தைக் கலம் சீக்கிரம் சிதைத்துவிடும், அணைக்கிற புரதம் நீண்ட நேரம் நிற்கும். கதவைத் திறந்து உள்ளே வந்து, மறக்காமல் தாழ்ப்பாளும் போடுகிற திருடன்.

மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டா என்றால், கூட்டாளிகளின் பக்கம்தான் இடம். வாஸ்ப் என்ற பெயரே ஒரு நோயிலிருந்து வந்தது: விஸ்கொட்-ஆல்ட்ரிச் நோய். 1937-இலும் 1954-இலும் விவரிக்கப்பட்டு, 1994-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வரும். குருதிச் சிறுதட்டுகள் சிறுத்துக் குறையும், தோலில் கரப்பான், ஓயாத தொற்று. சிடிசி42-இல் ஒரு பழுதும் இல்லை, கையசைப்பு சரியாகவே நடக்கிறது. குருதிக் கலங்களில் அதைப் பார்த்து வேலை செய்ய வேண்டிய ஆள் இல்லை. மறுபக்கம், ஆளியையே மருந்தால் அணைப்பது கடினம். ஜீரீபியை அது அவ்வளவு இறுகப் பிடித்திருக்கும், பிடுங்கிவிட்டு மருந்தை வைக்க முடியாது. அதனால் றோவை விட்டுவிட்டு ரொக்கைப் பிடித்தார்கள். மூளையுறைக்குள் குருதிக் கசிவு ஏற்பட்டபின் குழாய்கள் சுருங்குவதைத் தடுக்க ரொக்கை அடக்கும் ஃபாசுடில் என்ற மருந்து 1995-இல் ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது. கண்ணழுத்த நோய்க்கு ரிபாசுடில் சொட்டுமருந்து அங்கேயே 2014-இல், நெற்றாசுடில் அமெரிக்காவில் 2017-இல். கண்ணின் வடிகால் வலையிலுள்ள கலங்கள் இறுக்கம் தளர்ந்ததும் நீர் வழிந்தோட வழி கிடைக்கிறது. இதைப் போட்டால் பலருக்குக் கண் சிவக்கும். அதே ரொக் குருதிக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறதே, அங்கேயும் தளர்த்திவிடுகிறது.

கடைசியாக, ராக் முன்னுக்கு, றோ பின்னுக்கு. பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். முன்னுக்கு விரிவும் பின்னுக்கு இறுக்கமும் வேண்டும் என்ற அளவில் பிழையுமில்லை. ஆனால் இயங்கும் ஆளி ஒளிரும்படி செய்து நார்க்கலங்களைப் படம் பிடித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஓரம் முன்னேறும் அதே கணத்தில் நுனியில் இயங்கியது றோதான். ராக்கும் சிடிசி42-உம் 2 மைக்ரோமீற்றர் பின்னால், 40 விநாடி தாமதித்து வந்தன. பின்னால் இழுக்கிற அதே றோ முன்னால் தள்ளவும் உதவுமா என்று முதல் தடவை வாசித்தபோது எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. இழுப்பது ரொக், இழை நீட்டுவது டயா என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் பாதியாகக் குறைகிறது. விரிவுரையாளரிடம் கேட்கப் போவதாக இருந்தால், றோ எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் அதனோடு நிற்பது யார் என்று கேளுங்கள்.